செவ்ரோலெட் 454 எஸ்எஸ் பிக்அப்பைத் தாழ்த்துவது: முன்னால் 2 அங்குலம், பின்னால் 4

454 எஸ்எஸ் பிக்அப் ஒன்றின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பின்சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள மட்காடு விளிம்புக்கும் நடுவே கையைத் தாராளமாக நுழைக்கலாம். முன்பக்கம் அந்த இடைவெளி குறைவு. பின்னாலுள்ள சரக்குப் பெட்டியில் சுமை ஏறினால் பின்புறம் இறங்கிச் சமமாகட்டும் என்று தொழிற்சாலையில் வைத்த சாய்வு அது. இந்த வண்டியை இன்று வைத்திருப்பவர்களில் யாரும் அதில் செங்கல் ஏற்றுவதில்லை. அதனால்தான் முன்னால் 2 அங்குலம் (51 மி.மீ.), பின்னால் 4 அங்குலம் (102 மி.மீ.) என்ற கணக்கு இதற்கு வழக்கமாகிவிட்டது. சாய்வு மறைந்து வண்டி மட்டமாக நிற்கும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: ஜெனரல் மோட்டார்ஸின் ஜிஎம்டி400 சேசிஸில் 1990 முதல் 1993 வரை வந்த, பின்சக்கர இழுவை கொண்ட சி1500 வகை. ஒற்றைக் கேபின், குட்டைப் பெட்டி, 454 கன அங்குல வி8, அதாவது 7.4 லிட்டர். 1990இல் 230 குதிரைத்திறன், 1991 முதல் 255. டயர் 275/60ஆர்15. ஷாக் அப்சார்பர்கள் நான்கும் தொழிற்சாலையிலேயே பில்ஸ்டைன் நிறுவனத்தவை. மொத்தம் 17 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் செய்தார்கள். அதில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே வெளிவந்தது. ஆகவே கையில் இருப்பது 30 வயதைத் தாண்டிய, மாற்று கிடைக்காத வண்டி. வெட்டுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

எதைக் குறைக்கிறோம்

தாழ்த்துவது என்றால் உடலுக்கும் சாலைக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பது. சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரத்தைக் குறைப்பது அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டவர்களின் வண்டிதான் வேகத்தடையில் 'டொக்' என்று அடிக்கிறது, பள்ளத்தில் பக்கவாட்டில் துள்ளுகிறது. என் முதல் பிக்அப்பில் நானும் அதைச் செய்தேன். காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்தேன். வாசலில் நிற்கும்போது வண்டி அழகாக இருந்தது. ஓட்டும்போது ஒவ்வொரு பாலத்தின் இணைப்பும் முதுகெலும்பில் கேட்டது. ஸ்பிரிங்கை வெட்டினால் அது குட்டையாவதோடு விறைப்பும் ஆகிறது; சக்கரம் மேலேறிச் சேசிஸில் மோதாமல் தாங்கும் ரப்பர் தடுப்பான் ஏற்கெனவே முட்டும் தூரத்துக்கு வந்திருக்கும். சிலர் நெருப்புக் காட்டி ஸ்பிரிங்கை உட்காரவைப்பார்கள். எஃகின் பதத்தைக் கெடுத்துவிட்டு அதன் மேல் உயிரை வைத்து ஓட்டுகிற வேலை அது. அதைப் பற்றி வேறு சொல்ல எதுவுமில்லை.

முன்பக்கத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: குட்டை ஸ்பிரிங், வடிவம் மாற்றிய கீழ்க்கை (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் இரண்டு கைகளில் கீழே இருப்பது), தாழ்த்தும் ஸ்பிண்டில். ஸ்பிண்டில்தான் என் தேர்வு. சக்கரம் மாட்டும் அச்சு, வழக்கமான இடத்தைவிட 2 அங்குலம் மேலே அமைந்த வார்ப்பு அது. சக்கரம் உடலை நோக்கி ஏறிவிடுகிறது. ஆனால் மேல்கை, கீழ்க்கை, ஸ்பிரிங், ஷாக், தடுப்பான் எல்லாம் பழைய இடத்தில் பழைய கோணத்தில் இருக்கும். டை ராடும் (ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கைகளும் ஒரே வளைவில் நகரும்படி அமைத்த கணக்கும் கெடாது. எனவே பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. முன்பக்க பில்ஸ்டைனையும் மாற்றவேண்டியதில்லை.

குட்டை ஸ்பிரிங்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சி1500க்கு என்று விற்கும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 350 கன அங்குல எஞ்சினின் எடையை நினைத்துச் செய்தவை. வார்ப்பிரும்பால் ஆன பெரிய 454 அதன்மேல் உட்கார்ந்தால், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 2 அங்குலம் 3 ஆகிவிடலாம். எஞ்சினைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் அளக்கவேண்டியவை

ஜிஎம்டி400இல் முன் பிரேக் ரோட்டார், அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு, இரண்டு தடிமன்களில் வந்தது: 1 அங்குலம், 1.25 அங்குலம். தாழ்த்தும் ஸ்பிண்டிலும் அதற்கேற்ப இரண்டு வகை. ஆண்டையும் மாடலையும் மட்டும் சொல்லி வாங்கினால் தவறான பெட்டி வீட்டுக்கு வரும். சக்கரத்தைக் கழற்றி அளவுக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்திலும் அப்படியே. சாதாரண சி1500இன் ஆக்சிலைவிட 454 எஸ்எஸ்ஸின் 14 போல்ட் ஆக்சில் கனமானது. ஆக்சிலைப் பட்டைக்கு மேலே கொண்டுபோகும் 'ஃபிளிப் கிட்' வாங்குவதாக இருந்தால், குழாயின் விட்டத்தை அளக்காமல் ஆர்டர் செய்யாதீர்கள். சாதாரண வகையின் தாங்கி இதில் உட்காராமல் போகலாம். பட்டை என்று நான் சொல்வது லீஃப் ஸ்பிரிங்கை. நம் ஊர் லாரிப் பட்டறைகளில் புழங்கும் அந்தச் சொல்லை விடவேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நான்கு சக்கரங்களிலும் மையத்திலிருந்து மட்காடு விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்தால் எண் மாறிவிடும். பின் ஆக்சில் குழாயின் மேற்பரப்புக்கும் அதற்கு மேலே வளைந்து போகும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி அடுத்த எண். பினியன் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழல்தண்டு ஆக்சிலில் சேரும் முன்மூக்கு) கோணமும், கியர்பாக்ஸின் வெளிவரும் அச்சின் கோணமும் கடைசி இரண்டு. வேலை முடிந்தபின் இந்தத் தாள் இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது.

கருவிகள்

வண்டி சுமார் 2 டன். தலா 3 டன் தாங்கும் ஸ்டாண்டுகள் நான்கு, ஜாக்கிகள் இரண்டு, மட்டமான கான்கிரீட் தரை. டார்க் ரெஞ்ச், பிரேக் காலிப்பருக்கு 3/8 அங்குல அறுகோணச் சாவி, கனமான சுத்தியல், கோணமானி, கிரைண்டர், டிரில், புதிய காட்டர் பின்கள் (நட்டு திரும்பாமல் பூட்டும் பிளவு ஊசிகள்), பேரிங் கிரீஸ், புதிய கிரீஸ் சீல்கள். நட்டுகள் எல்லாவற்றிலும் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்துவிடுங்கள். உப்புத் தூவிய பனிச் சாலைகளில் ஓடிய வண்டியானால் ஒரு வாரம் தினமும் தெளித்தாலும் மிகையில்லை.

முன்பக்கம்

வண்டியைச் சேசிஸில் தாங்கி நிறுத்துங்கள், சக்கரங்கள் தொங்கட்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்தபின் மறுபக்கம் போங்கள். எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க ஒரு மாதிரி எதிரிலேயே இருக்கும்.

பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் மேல்கையில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே கிழிவது வெளியே தெரியாது. பேரிங் மூடி, காட்டர் பின், நட் எடுத்தபின் ரோட்டார் பேரிங்கோடு வெளியே வரும். தூசித் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்; புதிய ஸ்பிண்டிலில் அதை மாட்ட ஓரத்தைச் சற்று வெட்டவேண்டியிருக்கலாம். இந்த ஆண்டுகளின் ஏபிஎஸ் பின்சக்கரங்களுக்கு மட்டுமானது என்பதால் முன்சக்கரத்தில் உணரி வயரைத் தேடவேண்டாம்.

டை ராடு முனையைப் பிரிக்கக் கவைபோன்ற கருவியை அடித்து நுழைப்பார்கள். ரப்பர் உறை கிழிந்துபோகும். நட்டை முனைவரை தளர்த்திவிட்டு, ஸ்டீயரிங் கையின் துளைக்குப் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி அழுத்தமாக அடித்தால் தானே விடும்.

இப்போது கவனம். கீழ்க்கைக்கும் சேசிஸுக்கும் நடுவே அமுங்கிய காயில் ஸ்பிரிங் இருக்கிறது. அது வெளியே பாய்ந்தால் மனிதனை முடமாக்கும். கீழ்க்கையின் அடியில், பால் ஜாயிண்டுக்கு (கையையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் உருண்டை மூட்டு) எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே, ஜாக்கியை வைத்துச் சற்று உயர்த்துங்கள். வேலை முடியும்வரை அந்த ஜாக்கியை யாரும் தொடக்கூடாது. ஷாக்கைக் கழற்றவேண்டாம், ஜாக்கி நழுவினால் கீழ்க்கையைப் பிடித்து நிறுத்த அதுவும் ஒரு துணை. ஸ்பிரிங்கின் உள்ளே சங்கிலி ஒன்றை விட்டுச் சேசிஸோடு கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை இது. இதைத் தேவையில்லை என்று சொல்கிற நண்பரை அன்று உதவிக்கு அழைக்காதீர்கள்.

மேல் பால் ஜாயிண்ட் நட்டைத் தளர்த்தி, ஆனால் கழற்றாமல், ஸ்பிண்டிலைச் சுத்தியலால் அடித்துப் பிரியுங்கள். கீழுக்கும் அதே முறை. இரண்டும் விட்டதும் நட்டுகளை எடுத்து, மேல்கையைத் தூக்கி, பழைய ஸ்பிண்டிலை வெளியே எடுக்கலாம். பால் ஜாயிண்டுகளில் ஆட்டம் இருந்தால் மாற்றுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. புதிய ஸ்பிண்டிலை முதலில் கீழே, பிறகு மேலே மாட்டி, நட்டுகளைச் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். காட்டர் பின் துளை பொருந்தவில்லையென்றால் இறுக்கும் திசையில் மட்டும் நகர்த்துங்கள்; ஒருபோதும் தளர்த்தக்கூடாது.

பேரிங் நட்டுக்கு இதன் நேர் எதிர். பேரிங்கைப் புதிதாகக் கிரீஸ் நிரப்பி மாட்டி, ரோட்டாரைக் கையால் சுற்றிக்கொண்டே 12 பவுண்டு-அடி (16 நியூட்டன் மீட்டர்) வரை இறுக்குங்கள். பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்குங்கள். காட்டர் பின் பொருந்தாவிட்டால் தளர்த்தும் திசையில், நட்டின் ஒரு முகத்தில் பாதிக்குமேல் போகாமல். சக்கரத்தில் 0.03 முதல் 0.13 மி.மீ. வரை ஆட்டம் இருப்பதுதான் சரி. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் சூடேறி எரியும்.

சக்கரத்தை மாட்டி, ஸ்டீயரிங்கை இரு கோடிகளுக்கும் திருப்பிப் பாருங்கள். சக்கரம் 2 அங்குலம் மேலே போய்விட்டதால் கீழ் பால் ஜாயிண்டும் டை ராடு முனையும் ரிம்மின் உட்புற வளையத்தை நெருங்கியிருக்கும். 15 அங்குல ரிம்மில் இது சாதாரணமாகப் பார்க்கவேண்டிய இடம். பென்சில் தடிமனாவது இடைவெளி இருக்கட்டும்.

அதோடு இன்னொன்று: ரிம்மின் அடிவிளிம்பு மட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கியிருக்கக்கூடாது. டயர் வெடித்தால் வண்டி ரிம்மின்மேல் நிற்கவேண்டும். பால் ஜாயிண்டின்மேல் நின்று சாலையை உழக்கூடாது. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம், 24008ஆம் பிரிவில், இதையே சட்டமாக்கியிருக்கிறது. முன்பக்க ரிம்முக்கும் பின்பக்க ரிம்முக்கும் அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள்.

பின்பக்கம்

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் கடைக்காரரிடம் ஏமாறமாட்டீர்கள். பட்டையின் நடுப்பகுதியில்தான் ஆக்சில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முனையை மட்டும் சேசிஸை நோக்கி 2 அங்குலம் உயர்த்தினால் வண்டி இறங்குவது ஏறக்குறைய 1 அங்குலம்தான். இரண்டு முனைகளையும் 4 அங்குலம் உயர்த்தினால்தான் முழு 4 அங்குலம் கிடைக்கும். ஒரு முனையை மட்டும் மாற்றும்போது ஆக்சிலும் சேர்ந்து சாய்கிறது: ஒன்றரை மீட்டர் நீளப் பட்டையின் ஒரு முனை 51 மி.மீ. ஏறினால் கோணம் 2 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக மாறும். முன் முனை ஏறினால் பினியன் மூக்கு மேலே பார்க்கும். பின் முனை ஏறினால் கீழே பார்க்கும். அதனால்தான் முன் ஹேங்கரையும் (பட்டையின் முன்முனையைச் சேசிஸில் தாங்கும் பிடி) பின் ஷேக்கிளையும் (பின்முனையைச் சேசிஸோடு கோக்கும், ஆடும் இணைப்பு) சேர்த்து மாற்றும் தொகுப்பு, ஒன்றை மட்டும் மாற்றுவதைவிட மேலானது. ஃபிளிப் கிட் இன்னும் அதிகம், 5 முதல் 6 அங்குலம்வரை இறக்கிவிடும். 4 போதும் என்பவருக்கு அது வேண்டாம்.

நீளமான ஷேக்கிள் வண்டியை உயர்த்துமா, தாழ்த்துமா என்று பலர் வாதிடுவார்கள். ஷேக்கிளின் எந்த முனை சேசிஸில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்முனை சேசிஸில் இருந்தால் நீளமானது உயர்த்தும். கீழ்முனை சேசிஸில் இருந்தால் தாழ்த்தும். வாதம் முடிந்தது.

முன் ஹேங்கர்கள் சேசிஸில் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டவை. ரிவெட் தலையைக் கிரைண்டரால் தேய்த்து, நடுவே டிரில் செய்து, துளைமுனையால் தட்டி வெளியேற்றவேண்டும். வேலையிலேயே மிக நீளமானதும் மிக அழுக்கானதும் இதுதான். ஆபத்தானதும் இதுவே. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் இடது சேசிஸ் தண்டின் உட்பக்கம் இருக்கிறது. எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் அதே தண்டை ஒட்டி ஓடுகின்றன. கிரைண்டர் தீப்பொறி அங்கேதான் பறக்கும். டேங்கைக் காலி செய்து இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுத் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்பதால் அந்த முறை சரியாகிவிடாது. பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிட்டால் வேலை பாதியாகும். எரிபொருள் ஊற்றும் குழாயையும் பின்விளக்கு வயரையும் பிரிக்க மறந்துவிட்டுத் தூக்கவேண்டாம்.

சேசிஸைத் தாங்கி, ஆக்சிலைத் தனி ஜாக்கியில் வைத்து, ஷாக்குகளைக் கழற்றுங்கள். ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்ற முறையே இங்கும். புதிய ஹேங்கரை, ரிவெட் துளைகளைச் சரியான அளவுக்கு விரித்து, தொகுப்போடு வரும் உயர்தரப் போல்ட்டுகளால் பூட்டுங்கள். பட்டைக் கண்களின் போல்ட்டுகளை இப்போது கையால் மட்டும் இறுக்குங்கள். வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் முழுதாக இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். உயரமும் பொய்யாக நிற்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

ஆக்சிலைக் கழற்றியிருந்தால், அதைப் பட்டையோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்டு நீண்ட யூ போல்ட் மறுமுறை அதே பிடிப்பைத் தராது. நான்கு நட்டுகளையும் குறுக்குவாட்டில், சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

பின் ஷாக்குகள் மட்டும் குட்டையானவையாக மாறவேண்டும். பழைய நீளத்தோடு விட்டால், பள்ளத்தில் தடுப்பானுக்கு முன்பே ஷாக் தன் உள்ளேயே முட்டி உடையும்.

அடுத்து ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி. வேலைக்கு முன் எழுதிய எண்ணிலிருந்து 102 மி.மீ. போய்விட்டது. மிச்சம், குட்டைத் தடுப்பானையும் கழித்து, 50 மி.மீ. ஆவது இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. இல்லையென்றால் சேசிஸில் அரைவட்டமாக வெட்டி, அதைச் சுற்றித் தடித்த எஃகு வலுவூட்டியைப் பூட்டவேண்டும்; 'சி நாட்ச்' என்பது அதுதான். 4 அங்குலம் எல்லைக்கோட்டில் நிற்கும் அளவு. ஆள் ஏறாமல், சுமை ஏற்றாமல் ஓட்டுவேன் என்பவர் தப்பிக்கலாம். மோட்டார்சைக்கிள் ஒன்றைப் பெட்டியில் ஏற்றப்போகிறவர் வெட்டித்தான் ஆகவேண்டும்.

பினியன் கோணம்

நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இருக்கை அதிர்கிறது என்றால் டயர் பேலன்ஸைப் பழிக்கும் முன் இதைப் பாருங்கள். கியர்பாக்ஸ் அச்சும் பினியன் அச்சும் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். சுழல்தண்டின் இரு முனைகளிலுள்ள யூ ஜாயிண்டுகளிலும் விழும் கோணம் 3 டிகிரிக்குள், வித்தியாசம் 1 டிகிரிக்குள். ஆனால் வேகமெடுக்கும்போது பட்டை முறுக்கிப் பினியன் மூக்கு மேலேறும். 1990ஆம் ஆண்டு எஞ்சினே 385 பவுண்டு-அடி, அதாவது 522 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவது. அதனால் நிற்கும்போது மூக்கை 1 டிகிரி கீழே வைப்பது என் வழக்கம்.

திருத்துவதற்குப் பட்டைக்கும் ஆக்சில் மேடைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைக்கவேண்டும். மூக்கைக் கீழே இறக்கத் தடித்த முனை முன்பக்கம். ஏற்றத் தடித்த முனை பின்பக்கம். அலுமினியம் மலிவு, ஆனால் நாளடைவில் நசுங்கி யூ போல்ட் தளரும். எஃகு வாங்குங்கள். கோணத்தை அளக்கும்போது வண்டி சக்கரங்களின்மேல் நிற்கவேண்டும், ஸ்டாண்டுகளின்மேல் அல்ல.

சாலைக்கு முன்னும் பின்னும்

வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, பெட்டியின் மூலைகளை அழுத்தி உட்காரவையுங்கள். பட்டைக் கண் போல்ட்டுகளை இப்போது முழுதாக இறுக்குங்கள். உயரத்தை மறுபடி அளந்து பழைய தாளோடு ஒப்பிடுங்கள். இடது வலது வித்தியாசம் 5, 6 மி.மீ. என்றால் வண்டியின் வயதுக்கு அது பரவாயில்லை.

அலைன்மென்ட் கடைக்குப் போகும்போது மேல்கையின் போல்ட்டுகளில் கேம் (திருப்பினால் கையை நகர்த்தும் மையம் விலகிய வட்டு) இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பல ஜிஎம்டி400 வண்டிகளில் துளையை மறைத்து ஒரு தகடு இருக்கும். அதைத் தட்டி எடுத்துக் கேம் தொகுப்பைப் போட்டால்தான் கேம்பரையும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) காஸ்டரையும் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்பின் சாயும் கோணம்) நகர்த்தமுடியும். அதில்லாமல் போனால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் திசையை, மட்டும் சரிசெய்து, மூன்றுக்குமான காசை வாங்கிக்கொள்வார்கள். எனக்கு நடந்தது அது.

பின்புறம் அதிகம் இறங்கியதால் முன்விளக்குகள் முன்பைவிட மேலே அடிக்கும். எதிரே வருபவரின் கண்ணுக்கு அது கத்தி. அன்று இரவே சுவர் ஒன்றின் முன் நிறுத்தித் திருகுங்கள்.

80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டு, யூ போல்ட், ஹேங்கர் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். 800 கிலோமீட்டரில் மறுமுறை. யூ போல்ட்டுகளில் ஒன்றிரண்டாவது நிச்சயம் சற்றுத் திரும்பும்.

கடைசியாகத் தடுப்பான்களின் நுனியில் வெள்ளைச் சுண்ணத்தைத் தடவி ஒரு வாரம் வழக்கமான சாலையில் ஓட்டுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். முன்பக்கச் சுண்ணம் அப்படியே இருக்கும், ஏனெனில் அங்கே எதையும் குறைக்கவில்லை. பின்பக்கத்தில் ஒரு முறை ஒற்றியதுபோல் அடையாளம் இருந்தால் பரவாயில்லை. சுண்ணம் முழுதாகத் தேய்ந்து ரப்பர் பளபளத்தால், பெட்டியை மறுபடி தூக்கிச் சேசிஸில் அரைவட்டம் வெட்ட நாள் குறியுங்கள்.